வக்கீலின் வயிறும் என் வாயும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியம்தானே? இங்கே தங்கள் மகளும் என் மகனும் நலம். நானும் நலம் என்று எழுத எனக்கு முகமில்லை. தங்கள் வீட்டில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு தங்கள் மகளோடு இங்கே வந்த நம் நாய் வக்கீல் நலமாக இல்லை. அதற்கு நானே காரணம். போனில் சொல்லலாமென்றால், தங்கள் குரலைக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சென்ற மாதம் மகனின் மேலதிகாரியும் அவர் மனைவியும் விருந்துக்கு வந்தது தங்களுக்கு நினைவிருக்கும். தாங்களும் நானும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தோம், காலடியில் வக்கீல் தூங்கிக்கொண்டிருந்தான், திடீரென்று ஒரு வாடை கிளம்பியது, அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்தார், மகன் என் பக்கம் திரும்பினான், எனக்குப் புத்தி பேதலித்து, "சீ, வக்கீல்! வெளிய போடா!" என்று அதட்டிவிட்டேன். சம்பந்தி, அது வக்கீல் இல்லை. நான். பெயர்தான் வக்கீல், தனக்காக ஒரு வார்த்தை வாதாடத் தெரியாமல் வாலைச் சுருட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனான், பாவம்.

அதோடு முடிந்ததா? மறுநாளே மருமகள் அவனைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். துணைக்கு நானும் போய்த் தொலைந்தேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கான், இவன்தான்னு யாரு சொன்னது?" என்று கேட்க, மருமகள் என்னைக் காட்ட, நானும் கூசாமல் தலையாட்டினேன். "சரி, குடல்ல நல்ல கிருமி கொறைஞ்சிருக்கலாம். புரோபயாடிக் சேர்த்த சாப்பாடு தர்றேன். பழசோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க, அவசரப்படாதீங்க" என்றார். சீக்கிரம் குணமாகிவிட்டான் என்று சொல்லி விஷயத்தை மூடிவிடலாமே என்ற அவசரம் எனக்கு. யாருக்கும் தெரியாமல் முதல் நாளே தட்டு நிறையப் புதுச் சாப்பாட்டைப் போட்டேன். நல்ல கிருமிதானே, கூட இருந்தால் கெடுதலா என்று நாள் தவறாமல் அப்படியே செய்தேன். சுத்தமாக இருந்த வயிறு கெட்டது. நான் சொன்ன பொய்யை வக்கீல் மெய்யாக்கிவிட்டான். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, கேஸ் கசிகிறது, அடுப்பைப் பாருங்கள் என்கிறார்.

மகனோ, "போதும்ப்பா. இவனை ஊருக்கு வெளிய ஒரு பண்ணைல விட்டுடலாம். அடுத்த ஞாயித்துக்கிழமை பண்ணைக்காரர் வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்று முடிவு கட்டிவிட்டான். தங்கள் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று வக்கீலைக் கட்டிக்கொண்டு, "எங்க வீட்லேர்ந்து எனக்குன்னு வந்தது நீ ஒருத்தன்தான்டா" என்று அழுததைக் கதவோரம் நின்று கேட்டேன். உள்ளே போய் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆகவே தாங்களே அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி வக்கீலைக் காப்பாற்ற வேண்டும். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தியம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

தங்கள் குடும்பத்தார் அனைவரும் வாயும் வயிறும் வாழ்த்த நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மருமகள் ஓடி வந்தாள். "மாமா, வக்கீலை அனுப்பப்போறோம்னு நான் சொன்னதைக் கேட்டு அப்பா போன் பண்ணினார். அன்னிக்கு அது அவர்தானாம்! வெக்கத்துல சொல்லாம இருந்துட்டாராம். நல்ல வயித்துக்கு வைத்தியம் பாத்துக் கெடுத்துட்டோமேன்னு உங்க பிள்ளையும் மனசு எறங்கிட்டார். பழைய சாப்பாட்டுக்கே மாத்திடலாம், வக்கீல் எங்கயும் போக வேண்டாமாம்!" என்றாள். நானும், "அதனால என்னம்மா, வயசானா சகஜந்தானே. அப்பாவைத் தப்பா நெனைக்காதே" என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டேன். தாங்கள் வக்கீலுக்காகப் பழியை ஏற்றீர்களா, அல்லது நிஜமாகவே தாங்களும்தானா என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. எதுவானாலும் அது அப்படியே இருக்கட்டும். மேலே கண்டதை நான் எழுதவும் இல்லை, தாங்கள் படிக்கவும் இல்லை.