டேம் சிஸ்டர் திறந்துவிட்ட பாபநாசம்

திருநெல்வேலிச் சீமையில் டேம் சிஸ்டருக்குத் தெரியாமல் எந்தப் பிள்ளையும் ஒன்றுக்குப் போனதில்லை. போயிருந்தாலும் அது கணக்கில் சேராது. அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவு எங்கே என்று கேட்டால் வாட்ச்மேன், “டேம் சிஸ்டர் வார்டா? நேரா போங்க, சத்தம் கேக்கும்” என்பார். கேட்கும்.

அவருடைய அப்பா அணையில் மதகு இயக்கியவர். பிறந்து வளர்ந்தது எல்லாம் அணைக்கட்டுக் குடியிருப்பில். அதனால் மூத்திரப்பை அவருக்குப் பாபநாசம் அணை. சிறுநீரகங்களில் ஒன்று சேர்வலாறு அணை, இன்னொன்று மணிமுத்தாறு அணை. புவியியல் வாத்தியார்களுக்கு இதில் ஆட்சேபம் இருந்தால் அவரிடமே நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், எனக்குத் தைரியம் இல்லை. காலையில் டாக்டர் வந்ததும், பிள்ளைகள் குடித்ததையும் கழித்ததையும் வானொலியில் அணை நிலவரம் வாசிப்பது போல வாசிப்பார். “சன்னலோரக் கட்டிலு, நீர்வரத்து நல்லாருக்கு, வெளியேத்தம் கம்மி.” டாக்டரும் நாளடைவில் கெட்டுப்போய், “சேர்வலாறு எப்படி இருக்கு சிஸ்டர்?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

கூச்சம் அவருக்கு ஆகாது. மேலப்பாளையத்து வியாபாரி ஒருவர் தன் மகளைப் பற்றி, அது வருது, ஆனா வரவேண்டிய நேரத்துல வரமாட்டேங்குது என்று காதோடு காதாக முனகினார். “எது அண்ணாச்சி, ஏழாம் நம்பர் பஸ்ஸா?” என்று சிஸ்டர் வார்டு முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே பேசினார்.

நாங்கள் அங்கே போனது எங்கள் மகன் செந்திலுக்காக. அவனுக்கு ஐந்து வயது. அடிக்கடி காய்ச்சல் வந்தது. சிறுநீர் வரும் பாதையில் பிறவியிலேயே ஒரு சவ்வு அடைத்திருக்கிறது, தேங்கும் நீர் சிறுநீரகங்களை அழுத்திக் கெடுக்கிறது என்றார்கள். வயிற்றைக் கிழிக்காமல் சின்னக் குழாய் விட்டு அந்தச் சவ்வை எடுத்துவிட்டார்கள். பிறகு போட்டிருந்த டியூபையும் ஒரு காலையில் உருவினார்கள். இனி அவன் தானாகப் போக வேண்டும். சாயங்காலத்துக்குள் வராவிட்டால் மறுபடியும் டியூப், அப்புறம் இன்னொரு ஆபரேஷன்கூட வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையனோ எரியும் என்று பயந்து, காலைப் பின்னிக்கொண்டு படுத்துவிட்டான். என் மனைவி திருச்செந்தூர் முருகனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் அளவுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலையே சுற்றி வந்தேன்.

அது ஜூன் மாதம். வெளியே வராந்தாவில் என் மாமனார் இருந்தார். கல்லிடைக்குறிச்சி விவசாயி. கார் பருவ நெல் சாகுபடிக்கு எல்லாம் தயார், அணையில் தண்ணீர் விட வேண்டியதுதான் பாக்கி. அப்போது உள்ளே மேலப்பாளையத்துச் சிறுமி ஒருவழியாக ஒன்றுக்குப் போனாள். சிஸ்டர் வழக்கம்போல வார்டே அதிர, “பாபநாசம் தொறந்தாச்சு!” என்று அறிவித்தார்.

மாமனார் துள்ளி எழுந்து ஊருக்குப் போன் போட்டார். ஊரே மண்வெட்டியோடு கால்வாய்க்கு ஓடியது. தண்ணீரில் தூவ ஒருவர் பூ வேறு வாங்கிக்கொண்டு போனாராம். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்த போனில் மாமனாரின் சிநேகிதர், “என்னவே, வாய்க்கால்ல ஆடு படுத்துக் கெடக்கு” என்றார். மற்றதை இங்கே எழுத முடியாது.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, எந்த அணையைத் திறந்தார்கள் என்று கேட்டார். சிஸ்டர் கட்டிலைக் காட்டினார். அங்கே மேலப்பாளையத்து அணை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தது.

நியாயமாக சிஸ்டர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவரோ நடந்ததை எல்லாம் கேட்டுச் சிரித்து முடித்து, செந்திலை ஒருமுறை பார்த்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்கவைத்தும், காலில் தண்ணீர் ஊற்றியும் மதியம் வரை அவன் மசியவில்லை.

“அண்ணாச்சி, ஊருக்கு இன்னொரு போன் போடுங்க” என்றார். மாமனாரின் காதில் அவர் ஏதோ சொல்ல, மாமனார் அதை அப்படியே போனில் சொன்னார். பிறகு ஸ்பீக்கரைப் போட்டார்கள். செந்திலைக் கோப்பையோடு நிற்கவைத்து, சிஸ்டர் எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

“லே செந்திலு” என்றது போன். “இங்கன எல்லாரும் மம்பட்டியோட வாய்க்கால்ல நிக்கோம்லே. நீதான் தண்ணி விடணுமாம். பைய தொற மக்கா.”

பின்னால் ஓர் ஆடு கத்தியது. செந்தில் சிரித்துவிட்டான். சிரித்ததில் பிடி தளர்ந்தது. கோப்பையில் விழவில்லை. பிறந்ததிலிருந்து சொட்டாக மட்டுமே வந்த சிறுநீர் முதல் தடவையாக நேராகப் பாய்ந்து, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்த சிஸ்டரின் வெள்ளை உடுப்பை நனைத்தது. கட்டில் விரிப்பில் ஒரு துளி கறை கண்டாலே ஆளைக் கடித்துவிடும் அம்மாள், முடியும்வரை அசையவே இல்லை. என் மனைவி அழுதாள். நானும்தான்.

என்னவே ஆச்சு, என்னவே ஆச்சு என்று போன் கத்திக்கொண்டே இருந்தது. சிஸ்டர் அதை வாங்கினார். “பாபநாசம் தொறந்தாச்சு அண்ணாச்சி” என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

செந்தில் இப்போது பள்ளிக்கூட மதில்களை நனைப்பதாகப் புகார் வருகிறது. அவனை அதட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஜூன் மாதம் பேப்பரில், அணையைத் திறந்து பெரிய மனிதர்கள் பூத்தூவும் படம் வரும். அந்தக் கூட்டத்தில் நனைந்த வெள்ளை உடுப்போடு ஓர் அம்மாள் நிற்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்கிறேன்.