அண்ணையின் சைக்கிளுக்குக் கரியல் வைத்த கதை

எனக்கு முடிவெடுக்க வராது. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது, அதைப் போல. உடுப்புக் கடையில் இரண்டு சேட்டுகளை எடுத்து முன்னால் போட்டால் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவேன். என் கலியாணத்தைக்கூட இரண்டு வீட்டாரும்தான் முடிவு செய்தார்கள். நான் குளித்து, வேட்டி கட்டி, மணவறையில் போய் இருந்தேன், அவ்வளவுதான். (அது நல்ல முடிவு. வதனி இதைப் படிப்பாள் என்பதற்காகச் சொல்லவில்லை.)

அப்படிப்பட்ட என்னிடம்தான் அண்ணை தன் சைக்கிளை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அண்ணை சுவிஸில் இருக்கிறார். அங்கே மலைகளில் சைக்கிள் ஓடுவதென்றால் அவருக்குப் பைத்தியம். அவருடையது முன்னுக்கும் பின்னுக்கும் சொக் வைத்த மலைச் சைக்கிள். அதன் சட்டமே இரண்டு துண்டு. முன் துண்டில் ஓடுகிறவர் இருப்பார், பின் துண்டில் பின்சில்லு இருக்கும். இரண்டையும் ஒரு தடித்த ஆணி பிணைத்திருக்கும். கல்லிலும் வேரிலும் ஏறி இறங்கும்போது பின் துண்டு தனியாக அசைய, நடுவில் இருக்கும் சொக் குலுக்கத்தை வாங்கிக்கொள்ளும். நான் இருப்பது நீர்வேலியில். இங்கே மலை கிடையாது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கத் தேடினாலும் மலை கிடையாது. எங்கள் தோட்டப் பக்கத்தில் ஆகவும் உயரமான இடம் வாய்க்கால் வரம்புதான்.

எட்டு வருடங்களுக்கு முன்பு அண்ணையின் வலது முழங்கால் பழுதாகிவிட்டது. மலைப் பக்கமே போகக் கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பி, லீவில் தானும் வந்து, எங்கள் முற்றத்தில் வைத்து ஒவ்வொரு துண்டாகப் பூட்டினார்.

"தம்பி, இது உன்னட்டை நிக்கட்டும். முழங்கால் சரிவந்தாப் பிறகு நான் வந்து ஓடுவன்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, தூசியே இல்லாத சீற்றை நெடுநேரம் துடைத்தார்.

நான் அப்போது அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்த எல்லா மடத்தனத்துக்கும் அந்த முகம்தான் காரணம்.

நான் உடுவில் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தினமும் அந்தச் சைக்கிளில்தான் போய்வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை வீடியோவில் கதைப்பார். முதல் கேள்வி "சைக்கிள் எப்பிடி?" என்பதுதான். பிறகுதான் நாங்கள் எப்படி என்று கேட்பார்.

ஐந்தாம் வருடம் சொக்கிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. ஆறாம் வருடம், நான் ஏறி இருந்ததும் சைக்கிள் பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்பக்கமாகக் கீழே இறங்கும். மிதித்தால் கீச், கீச் என்று அழும். நான் சந்தி திரும்பும்போதே வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துவிடுவார்கள். (பாடசாலைக்கு அந்தச் சொக் செய்த ஒரே நன்மை அதுதான்.)

சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் யோகண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் குனிந்து பார்த்தார், விரலால் எண்ணெயைத் தொட்டார், செத்த வீட்டுக்கு வந்தவரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாஸ்ரர், உந்தச் சொக் இஞ்சை ஒரு இடமும் எடுக்கேலாது. உந்தச் சில்லுச் சைசும் இப்ப வாறேல்லை. பேசாமல் ஒரு சாதாரண சைக்கிளா வாங்குங்கோ."

"இது அண்ணையின்ரை சைக்கிள், யோகண்ணை."

"அப்ப அண்ணையிட்டைச் சொல்லி ஒரு சொக்கை அனுப்பச் சொல்லுங்கோவன்."

அதுதான் சிக்கல். சொக் அனுப்பக்கூடிய ஒரே மனிதர் அண்ணை. சொக் பழுதென்று தெரியக் கூடாத ஒரே மனிதரும் அண்ணை. "நல்லா இருக்கு அண்ணை, எண்ணெயெல்லாம் இருக்கு" என்று ஞாயிறு தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். (எண்ணெய் இருந்தது உண்மை. அது நிலத்தில் இருந்தது.)

இணையத்தில் தேடினேன். பழைய மலைச் சைக்கிளுக்குப் புதுச் சாமான் போடுவதா, சைக்கிளையே மாற்றுவதா என்று உலகத்தின் எல்லா மூலையிலும் ஆட்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல். ஒரு கொப்பி வாங்கி நடுவில் கோடு போட்டேன். இந்தப் பக்கம் 'மாற்றினால்', அந்தப் பக்கம் 'திருத்தினால்'. ஒன்றரை வருடத்தில் கொப்பி முடிந்தது.

"இஞ்சருங்கோ, சைக்கிளை மாத்தப் போறியளோ, திருத்தப் போறியளோ? இல்லாட்டி உந்தக் கொப்பியிலை ஏறித்தான் பள்ளிக்குடம் போகப் போறியளோ?" என்று வதனி கேட்டாள்.

கொப்பியில் எழுதாத ஒரு காரணம் இருந்தது. சைக்கிளை மாற்றினால், அண்ணை இனி ஓடமாட்டார் என்று நானே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். எனக்கு அதற்கு மனம் வரவில்லை.

இந்த நிலையில் அக்காவின் மகள் மதுராவுக்குக் கலியாணம் முற்றாகியது. அண்ணை வருவதாகச் சொன்னார். "கலியாணத்துக்கு வாறன். வந்து சைக்கிளையும் பாப்பம்" என்றார். அந்தப் 'பாப்பம்' ஒரு கிழமை எனக்குச் சோறு இறங்க விடவில்லை.

கடைசியில் யோகண்ணையின் கடை வாசலில் நின்றபோதுதான் என் வாழ்க்கையின் முதல் முடிவு பிறந்தது. வீதியில் எங்கள் ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் பின்சில்லுக்கு மேலே இருக்கும் கரியலில் இரண்டு பக்கமும் வாழைக்குலை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். நீர்வேலியில் ஒரு சைக்கிளின் மரியாதை அதன் கரியலில் இருக்கிறது. எட்டு வருடமாக என்னைக் கண்ட ஒவ்வொருவரும் "மாஸ்ரர், கரியல் எங்கை?" என்றுதான் கேட்டார்கள். மாற்றவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம், தரம் உயர்த்துவோம் என்று தீர்மானித்தேன்.

"யோகண்ணை, இதுக்கொரு கரியல் வைச்சாலென்ன?"

"வைக்கலாம். ஆனா உது அலுமினியம், ஒட்டுப் பிடிக்காது. பட்டி போட்டு நட்டு இறுக்குவம். ரெண்டு குலை தாங்கும்."

இரும்புக் கம்பியில் அருமையான கரியல் ஒன்று செய்தார். எந்தச் சைக்கிளுக்கும் செய்வதைப் போல, மேல் கைகள் இரண்டையும் சீற்றுக்குக் கீழேயும், கால்கள் இரண்டையும் பின்சில்லின் அச்சிலும் இறுக்கினார். மேல் கை இருப்பது முன் துண்டில், கால் இருப்பது பின் துண்டில், அசைய வேண்டிய இரண்டையும் இரும்பால் கட்டிவிட்டோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் அப்படியொரு சைக்கிளை முன்னே கண்டதில்லை. நான் பத்தாம் வகுப்புக்கு நெம்புகோல் படிப்பிக்கிறவன். எனக்கும் தோன்றவில்லை.

ஏறி ஓடிப் பார்த்தேன். பெருமூச்சு இல்லை. கீச் இல்லை. பின்பக்கம் இறங்கவில்லை. வருத்தம் மாறிவிட்டது!

"பாத்தியளே மாஸ்ரர், சொக்கும் தேவையில்லை, ஒண்டும் தேவையில்லை" என்றார் யோகண்ணை. நான் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். மூன்று கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். அந்த மூன்று கிழமையும் சட்டம் உள்ளுக்குள் வெடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணை வந்து உடுவிலில் அக்கா வீட்டில் தங்கினார். படி ஏறும்போது சுவரைப் பிடித்தார். விமானத்தில் நெடுநேரம் இருந்த களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் காலை, வாசலில் கட்டுவதற்குக் குலையோடு இரண்டு வாழை என் தோட்டத்திலிருந்து லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் போயின. பந்திக்கென்று பழுக்க வைத்த இரண்டு கதலிக் குலைகளும் அதிலேயே போயிருக்கலாம். வதனி அதைத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. சைக்கிள் எப்படி உழைக்கிறது என்று அண்ணை கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு குலையையும் கரியலில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

அக்கா வீட்டு ஒழுங்கையில் திரும்பியபோது பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. வீடியோக்காரர்கள் பறக்கும் கமெராவை மேலே விட்டுப் பரீட்சித்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு உள்ளே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அண்ணை இருந்தார். என்னைக் கண்டதும் கையூன்றி எழும்பினார். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. வாசலில் வாய்க்காலுக்கு மேல் ஒரு சின்ன மதகு, அரை அடி உயரம். மலையில் பாயச் செய்த சைக்கிளுக்கு மதகு ஒரு பொருட்டா? பிறேக் பிடிக்கவில்லை. பிடித்திருக்கவும் முடியாது, ஒரு கையைத் தூக்கி அண்ணைக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

'டக்' என்று ஒரு சத்தம்தான். அப்படிப் பெரிய சத்தமும் இல்லை.

முன் துண்டு என்னோடு கலியாண வீட்டுக்குள் வந்தது. பின் துண்டு, மேல் பட்டி கழன்ற கரியலோடும் குலைகளோடும் மதகிலேயே நின்றுவிட்டது. நான் கொஞ்சத் தூரம் ஒற்றைச் சில்லில் போய், அண்ணையின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். மறுநாள் பொம்பிளையும் மாப்பிள்ளையும் விழுந்து கும்பிட வேண்டிய இடம் அது. அக்கா உள்ளேயிருந்து "ஐயோ, நல்ல காரியத்துக்கு முன்னாலை!" என்று கத்தினாள். பந்தல்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். தலைக்கு மேலே கமெரா இரைந்துகொண்டிருந்தது.

நாடியில் இரத்தம். அது நோகவில்லை. "அண்ணை, உங்கடை சைக்கிள்..." என்று சொல்ல வாயெடுத்தவன், நாற்பத்தாறு வயதில், அத்தனை பேருக்கு முன்னால் அழுதுவிட்டேன்.

அண்ணை குனிந்து என்னைத் தூக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு அதில் இருந்தார். மதகில் கிடந்ததைக் காட்டி, "உதென்னடா?" என்றார்.

"கரியல்."

"ஆர் வைச்சது?"

"நான்தான் முடிவெடுத்தனான்."

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "பழசாப் போனா மாத்தியிருக்கலாமே, தம்பி."

"நீங்கள் வந்து ஓடுவன் எண்டனீங்கள்."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். "என்ரை கால் இனிச் சரிவராதடா. இதை அனுப்பேக்குள்ளையே அது எனக்குத் தெரியும். விக்க மனம் வரேல்லை. சும்மா தந்தா நீ வாங்க மாட்டாய் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான்."

"அப்ப ஏன் கிழமைக்குக் கிழமை கேட்டனீங்கள்?"

"நீ ஆசையா வைச்சிருக்கிறாய் எண்டு நினைச்சுக் கேட்டன். நீதானே நல்லா இருக்கு, நல்லா இருக்கு எண்டு சொல்லிக்கொண்டிருந்தனி."

அவருக்காக நான் அந்தக் கீச்சுச் சத்தத்தை வருடக்கணக்காகத் தாங்கியிருக்கிறேன். எனக்காக அவர், ஓட முடியாத சைக்கிளைப் பற்றி எட்டு வருடம் சிரித்த முகத்தோடு விசாரித்திருக்கிறார்.

அக்கா பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து என் நாடியில் அழுத்தினாள். "அழுது முடிஞ்சுதெண்டா ரெண்டு பேரும் அந்தப் பழத்தைப் பொறுக்குங்கோ. ஆக்கள் வருகினம்" என்றாள். பொறுக்கினோம்.

கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. நாலாம் நாள் அண்ணை என்னை யாழ்ப்பாண நகருக்குக் கூட்டிக்கொண்டுபோனார். கால் மணித்தியாலத்தில் ஒரு சாதாரண கறுப்புச் சைக்கிள் வாங்கினோம். (அவர் கைகாட்டினார், நான் தலையாட்டினேன்.) யோகண்ணை பழைய கரியலைக் கழற்றி அதில் பூட்டினார். சைக்கிளே இரண்டாக முறிந்த விபத்தில் கரியலுக்கு ஒரு கீறலும் இல்லை.

அண்ணை திரும்பிப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். புதுச் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். ஹாண்டிலைத் தொட்டார். லேஞ்சியை எடுக்கப் போகிறார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏறுங்கோ அண்ணை" என்று கரியலைக் காட்டினேன்.

"விசரே உனக்கு? நான் எண்பத்தெட்டுக் கிலோ."

"ரெண்டு குலை தாங்கும்."

ஏறினார். வருத்தக் காலை ஒரு பக்கமாக நீட்டி வைத்துக்கொண்டார். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வாய்க்கால் வரம்பு வழியாக மூச்சு வாங்க மிதித்தேன். வரம்பு ஓரிடத்தில் ஒரு முழம் இறங்கும். அந்த இடம் வந்ததும் அண்ணையின் கை என் முதுகில் பதிந்தது.

"இறக்கம், தம்பி. பிறேக் பிடியாதை" என்றார்.

பிடிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அண்ணை அப்படிச் சிரித்து நான் கேட்டுக் கனகாலம்.

வீட்டுப் படலையில் மதுராவும் மாப்பிள்ளையும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மாமி, ஓடி வாங்கோ! மூண்டாவது குலை வருகுது!" என்று அவள் வதனியைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அண்ணைக்கு அதுதான் பெயர். அவளுடைய கலியாண வீடியோ, நான் விழுவதை ஆகாயத்திலிருந்து எடுத்த காட்சியோடுதான் தொடங்குகிறது. வெட்டச் சொல்லிக் கேட்டேன், மறுத்துவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டுகிறார்கள்.

அண்ணை இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கிறார். "கரியல் எப்பிடி?" என்பதுதான் முதல் கேள்வி. நானும் இப்போது உண்மையைச் சொல்கிறேன்.

"துருப் பிடிக்குது அண்ணை. மாத்துவமோ, பூச்சுப் பூசுவமோ எண்டு யோசிக்கிறன்."

"நீ ஒண்டும் யோசியாதை. அப்பிடியே வைச்சிரு. நான் வந்து ஏறுவன்."

இந்த முறை வந்து ஏறுவார். கரியலில் இருப்பதற்கு முழங்கால் தேவையில்லை.