முதல் தந்தி வாங்கிக் கொடுத்தவர்கள்

எந்தக் கலைஞனும் தானாக வளர்வதில்லை. அவனை யாராவது வளர்த்துவிடுகிறார்கள். இதற்கென்றே ஓர் இனம் இருக்கிறது. வளர்த்துவிட்டவர்கள் என்று பெயர். கலைஞன் சோற்றுக்குத் திண்டாடும் வரை இந்த இனத்தைக் கண்ணால் காண முடியாது. அவன் படம் பத்திரிகையில் வந்த மறுநாள் பாருங்கள், கண்டியில் பேராதனை வீதியில் நாலு எட்டு வைப்பதற்குள் மூன்று பேர் மேலே வந்து இடிப்பார்கள்.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அழகமுத்து, கண்டி ஹோட்டல் ஒன்றில் பீங்கான் கழுவிக்கொண்டே அங்கு வந்த வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கிட்டார் பழகி, கல்யாண வீடுகளில் ஆட்டத்துக்குப் பைலாப் பாட்டு வாசித்து, கப்பலில் வெள்ளைக்காரர்கள் ஆட வாசித்து, கடைசியில் கொப்பன்ஹேகனில் சொந்தமாக ஜாஸ் இசையமைத்து இசைத்தட்டுப் போடும் அளவுக்கு உயர்ந்தவர். கிட்டாருக்கு ஆறு தந்தி. அவருடைய முதல் கிட்டாருக்குத் தந்தி வாங்கிக் கொடுத்ததாகச் சொல்பவர்கள், கண்டிக்குள் மட்டும், பதினொரு பேர். பக்கத்து ஊரான கலகெதரவை நான் இன்னும் எண்ணவில்லை.

இவர்களில் தலையாயவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் முத்துலிங்கம். ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். நம் ஆலாபனையைக் கொஞ்சம் அவசரமாகப் பாடினால் ஜாஸ் என்பார். பதினெட்டு வருஷத்துக்கு முன் அழகமுத்து பாடசாலைக் கலைவிழாவில் வாசிக்க இடம் கேட்டு வந்தபோது, கேட் வரை கொண்டுவந்து வெளியே விட்டவரும் இவர்தான். அன்று துரத்தியிராவிட்டால் அந்த மனிதர் கொப்பன்ஹேகன் போயிருப்பாரா? நியாயம்தானே?

எழுபத்தொன்பதாம் ஆண்டில் அழகமுத்து ஊருக்கு வந்தபோது பாராட்டு விழா வைத்தார்கள். அவருக்கு ஒரே ஆசை. தம்மைத் தூக்கி வளர்த்த அக்கா பாலம்மா தம் வாசிப்பை ஒரு தடவை நேரில் கேட்க வேண்டும். அக்காவுக்காகவே புதிதாக ஓர் இசை அமைத்துக்கொண்டு வந்திருந்தார். மறுநாள் விமானம். பாலம்மாவோ ஐந்து மணிக்குக் கண்டியில் பஸ் ஏறினால்தான் நாவலப்பிட்டியில் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம்.

இரண்டு மணி என்று அச்சடித்த விழா மூன்றே காலுக்குத் தொடங்கியது. குத்துவிளக்கில் ஐந்து திரிகள். எதை யார் ஏற்றுவது என்ற தகராறு தீர இருபது நிமிடம். பிறகு வளர்த்துவிட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஒரு நிமிடம் என்று தொடங்கி, தங்கள் பிள்ளைகளின் உத்தியோகம் வரை பேசிவிட்டு, ஆளுக்கொரு பொன்னாடையும் போர்த்திவிட்டுப் போனார்கள். ஏழாவது பொன்னாடைக்குப் பிறகு அழகமுத்துவின் மடியிலிருந்த கிட்டார் கண்ணுக்குத் தெரியவில்லை. பாலம்மா முன்வரிசைக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான் பஸ்ஸுக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலு நாற்பதுக்கு அழகமுத்து யாரையும் கேட்காமல் எழுந்து, பொன்னாடைகளைக் கழற்றிவைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். ஆனால் முத்துலிங்கம் ஒலிவாங்கியை விட்டால்தானே? இந்த இடத்தைக் கவனியுங்கள், இது நான் சொல்லிக் கொடுத்தது என்று வாசிப்பின் மேலேயே விளக்கம் போய்க்கொண்டிருந்தது. பாலம்மா எழுந்து மேடையருகே போனார்.

"ஐயா, கொஞ்சம் பேசாம இருங்க. எந்தம்பி வாசிக்கிறது கேக்கல."

முத்துலிங்கம் பூரித்துப் போனார்.

"சபையோரே, இவங்கதான் அழகமுத்துவோட அக்கா. வாங்கம்மா, மேல வாங்க. உங்க தம்பிய உங்களுக்கு அறிமுகப்படுத்தி வைக்கிறேன்."

அழகமுத்து கிட்டாருடன் மேடையை விட்டு இறங்கினார். அக்காவைக் கதிரையில் உட்காரவைத்து, அவர் காலடியில் தரையில் அமர்ந்து, முதலிலிருந்து வாசித்தார். மேலே பேச்சு நடந்தது. கீழே இசை நடந்தது. பாலம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும் தம்பியின் தலையை ஒரு தடவை தடவிவிட்டுக் கிளம்பினார்.

பஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடியது நான்தான். உண்மையில் அவரை வளர்த்தது நீங்கள்தானே என்று வழியில் கேட்டேன்.

"நானா? அவனாத்தான் வளந்தான்" என்றார்.

ஐந்து மணி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டது நான்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் இல்லாவிட்டால் தவறவிட்டிருப்பார். சிரிக்கிறீர்களா? அழகமுத்து என்ற பெயரை எங்கேயோ கேட்டது போல உங்களுக்கும் இப்போது தோன்றுகிறது, இல்லையா? பொறுங்கள். ஒரு வாரம் போகட்டும். யாரிடமாவது அவர் பேச்சு வரும்போது நீங்களே சொல்வீர்கள், அவரை அந்தக் காலத்திலேயே உங்களுக்குத் தெரியும் என்று.