ஆறாவது கம்பெனி

“வாயைத் திறக்காதீங்க. சிரிங்க, தலையை ஆட்டுங்க, போதும்” என்று மனைவி அவர் கழுத்தில் டையை இறுக்கினாள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு விழி பிதுங்கியது.

அவள் பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பிரிவின் அதிகாரி. வெளிநாட்டு மாணவர்கள் கம்பெனிகளைச் சந்தித்துப் பயிற்சிக்கு இடம் பிடிக்கும் நாள் அது. ஆறு கம்பெனி வருகிறது என்று துணைவேந்தர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஐந்தை அவரே ஏற்பாடு செய்துவிட்டார். இவள் பிடித்த ஒன்றே ஒன்று காலையில் கையை விரித்துவிட்டது.

“என் கடையில நானும் ஒரு ஸ்டூலும்தான் இருக்கோம். அது கம்பெனியாடி?”

“இன்னிக்கு ஒருநாள் கம்பெனி. என் வேலை போனா உங்களுக்குச் சந்தோஷமா?”

ஆறாவது மேஜையில் போய் உட்கார்ந்தார். மற்ற மேஜைகளில் கோட்டு போட்ட ஐந்து பேர் பேசாமல் புன்னகைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய மனுஷர்கள் அளந்துதான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

நெடுநெடுவென்று ஒரு வெளிநாட்டுப் பெண் வந்து நின்றாள். அவள் பேசியது புத்தகத்தில் படித்த தமிழ். “ஐயா, இந்தப் பருவத்தில் பயிற்சி கிடைக்காவிட்டால் என் படிப்பு முடியாது. தங்கள் நிறுவனத்தில் என்ன வேலை?”

சிரித்தார். தலையாட்டினார். அவள் நகரவில்லை. பயமுறுத்தி அனுப்பிவிடலாம் என்று தோன்றியது.

“ரொம்பக் கஷ்டம்மா. கையெல்லாம் கிரீஸ் ஆகும். ஃப்ரிட்ஜை மாடி ஏத்தணும். ஏசி ரிப்பேர் பண்ணுவோம், ஆனா எங்களுக்கு ஏசி கிடையாது.”

அவள் முகம் மலர்ந்தது. “வேறு எவருமே வேலையைப் பற்றிச் சொல்லவில்லை, ஐயா!” என்று ஓடிப்போய்த் தோழர்களை இழுத்துவந்தாள். வரிசை வாசல்வரை நீண்டது.

“முதலாளி சிடுமூஞ்சி!” என்று குரலை உயர்த்தினார்.

“தங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை” என்றான் பின்னால் ஒருவன்.

குளிர்பெட்டியில் ஏன் ஐஸ் கட்டுகிறது என்று இன்னொருவன் கேட்டான். அவ்வளவுதான், மனைவி சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. மூலையிலிருந்த கூல்டிரிங்ஸ் பெட்டியைத் திறந்து, டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, பாதி உடம்பை உள்ளே விட்டு விளக்க ஆரம்பித்துவிட்டார். வெளியே வந்தபோது கைதட்டல். முன்னால் நின்றவர் துணைவேந்தர்.

“இப்படி ஒரு கம்பெனியைத்தான் தேடிட்டிருந்தேன்!” மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஒப்பந்தம் போட்டுடலாம். நாளைக்கே உங்க தொழிற்சாலைக்கு பஸ்ல பசங்களை அனுப்பறேன்.”

கடைக்குள் பஸ்ஸின் டயர்கூட நுழையாது. தூரத்தில் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அப்படியானால் என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா, ஐயா?” என்றாள் அந்த நெட்டைப் பெண்.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் கண்ணைப் பார்த்ததும், “திங்கக்கிழமை வந்துடும்மா. இன்னொரு ஸ்டூல் வாங்கிப் போடறேன்” என்று வந்துவிட்டது.

மற்றவர்களை என்ன செய்வது? வியர்த்துக் கொட்ட, பக்கத்து மேஜைக்காரர் காதருகே குனிந்தார்.

“சார், வெளிய சொல்லிடாதீங்க. என்னுது சும்மா ஒரு ரிப்பேர் கடை. நீங்க பெரிய கம்பெனி. பாவம், இந்தப் பிள்ளைங்களை நீங்க எடுத்துக்குங்களேன்.”

கோட்டுக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உங்களுக்குக் கடையாவது இருக்கே! நான் துணைவேந்தரோட மச்சான். மத்த நாலு பேரும் எங்க வீட்டு மாப்பிள்ளைங்க.”