மடக்கு மேஸ்திரியின் பாதிக் கடை

வேலூரில் இடத்தின் அருமை தெரிந்த ஒரே மனிதர் மடக்கு மேஸ்திரிதான். கோட்டையைப் பார்க்க எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனம் வருகிறது. இவர் ஒரே ஒரு தடவை போய் அகழியைப் பார்த்துவிட்டு, "இன்னா எடம், இன்னா எடம், எல்லாத்தையும் தண்ணிக்கு உட்டு வச்சிருக்கானுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பியவர். அன்றைக்கு அவருக்குச் சோறே இறங்கவில்லை என்று அவர் வீட்டம்மா சொன்னார்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியலாம். லாங் பஜாரிலிருந்து பிரிகிற எங்கள் சந்தில் யாரும் பார்த்ததில்லை. மரவேலைக் கடை வைத்திருந்தார். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குத் தோல் வெட்டும் பலகை செய்து கொடுப்பது பிழைப்பு. மிச்ச நேரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் மடக்குவது அவருடைய ஆத்ம திருப்தி. மடக்கு மேசை, மடக்கு அலமாரி, மடக்கு இஸ்திரிப் பலகை என்று சந்தில் பாதி வீடுகளை மடித்துவைத்திருந்தார்.

எதிர்க்கடை என்னுடையது. பை தைப்பேன், அறுந்த ஜிப் மாற்றுவேன், பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுத் தருவேன். தையல் மெஷினை மிதித்து மிதித்து வலது முட்டி வீணாகிவிட்டது. மேஸ்திரிக்கும் எனக்கும் நடந்த சண்டைகளுக்கெல்லாம் மூல காரணம் அந்த முட்டிதான்.

ஏனென்றால் மேஸ்திரி கடையில் நாற்காலி கிடையாது. ஸ்டூல் கிடையாது. கவிழ்த்துப்போட்ட பெயின்ட் டப்பா கூடக் கிடையாது. நாற்காலி இடத்தைத் தின்கிற பூதம், ஆள் உட்கார்ந்தாலும் தின்னும், உட்காராவிட்டாலும் தின்னும் என்பது அவர் கட்சி. ஒருமுறை ஷூ கம்பெனி மேனேஜர் ஒருவர் காரில் வந்து இறங்கி, உட்கார ஏதாவது உண்டா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நிக்கிறவன் நாலு வார்த்தைல முடிச்சிக்குவான் சார். உக்காந்தா ஊட்டுக் கதைக்குப் போய்டுவான்" என்றார் மேஸ்திரி. மேனேஜர் நாலே வார்த்தையில் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கும் அதே சட்டம்தான். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் டீக் கிளாஸோடு அவர் கடைக்குப் போய்விடுவேன். ஒரு காலை மாற்றி ஒரு காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டே குடிப்பேன். ஒரு ஸ்டூல் வாங்கிப்போட்டால் உன் சொத்தா அழிந்துவிடும் என்று வருஷக்கணக்கில் கேட்டுப் பார்த்தேன். "முட்டி உன்னுது தங்கச்சி, எடம் என்னுது" என்று ஒரே பதிலை வருஷக்கணக்கில் சொன்னார்.

வீட்டிலும் மனுஷன் சும்மா இருந்ததில்லை. சுவரோடு மடிந்துகொள்கிற கட்டில் ஒன்று செய்து மாட்டியிருந்தார். ராணிப்பேட்டையிலிருந்து வந்த அவர் மச்சான், பிரியாணி சாப்பிட்ட அசதியில் அதில் படுத்துப் புரண்டார். கட்டில் தன் கடமையைச் செய்தது. தம்பியைக் காணோமென்று வீட்டம்மா தெருக்கோடி வரை தேடிவிட்டு வந்தபோதுதான் சுவரிலிருந்து முனகல் கேட்டது. மேஸ்திரி கொஞ்சமும் வருத்தப்படவில்லை. கட்டில் ஆளோடு சேர்த்தே மடிகிறது என்று என்னிடம் வந்து பெருமை பேசிவிட்டுப் போனார்.

இடத்தைப் பற்றி இத்தனை பேசிய மனிதருக்கு இடத்தாலேயே சோதனை வந்தது.

மேஸ்திரி கடை இருந்த கட்டடம் மேல்விஷாரத்து பாய் ஒருவருடையது. தங்கமான மனிதர். அவருடைய மாப்பிள்ளை துபாயிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்து, பஜார் பக்கமாகச் செல்போன் கடை வைத்தே தீருவேன் என்று நின்றார். மாமனாருக்கு வேறு வழியில்லை. ஒரு சனிக்கிழமை வந்து மேஸ்திரி கடையின் நடுவில் நின்றார். நாற்காலி இல்லையே, நிற்கத்தான் வேண்டும்.

"கடைய பாதியா தடுக்கப்போறேன் மேஸ்திரி. பாதில உன் சாமான் எல்லாம் அடங்குச்சின்னா தாராளமா இரு. அடங்கலன்னா என்னப் பேஜார் பண்ணாத. வெள்ளிக்கெழம தொழுகை முடிச்சிட்டு கொத்தனாரோட வர்றேன்."

மேஸ்திரி சரி என்று தலையாட்டினார். பாய் போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார். முழுக் கடையிலேயே பக்கவாட்டில்தான் நடக்க முடியும். அறுக்கிற மெஷின், இழைக்கிற மெஷின், டிரில்லிங் மெஷின், உருண்டைக் கால் கடைகிற கடைசல் மெஷின், சாணை, பலகை அடுக்கு. இத்தனையும் பாதியில் எப்படி அடங்கும்? அடங்காவிட்டால் ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம்தான் போக வேண்டும். வயது அறுபதை நெருங்குகிறது. அங்கே அவரைத் தேடிக்கொண்டு எவன் வருவான்?

மறுநாள் காலையில் என் கடையைத் திறந்தால் மேஸ்திரி பழைய பேப்பர் கட்டோடு நின்றார். என் கடையும் அவருடைய பாதியும் ஒரே அளவு. ஒவ்வொரு மெஷினின் அடிப்பாகத்துக்கும் பேப்பரை வெட்டி, கரித்துண்டால் பெயர் எழுதி, என் தரையில் பரப்பினார். அப்புறம் மூன்று நாளைக்கு என் வியாபாரம் அவர் அதிகாரத்தில் நடந்தது. ஜிப் மாற்ற வந்த ஒரு டீச்சரம்மாவை, "கால எடும்மா, அது கடைசல் மெஷினு" என்று அதட்டினார். அந்தம்மா பயந்துபோய் பையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

பேப்பர்களில் ஒன்று மட்டும் பெயரில்லாமல் கதவோரம் கிடந்தது. சின்னது. இது என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, மிதிக்காத" என்றார். அவர் நிற்கிற இடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை டேப்போடு வந்து என் தையல் ஸ்டூலின் உயரத்தையும் அளந்தார். இதையும் மடக்கப் பார்க்கிறாயா என்று கத்தினேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் அவர் இரண்டு ஸ்டாண்டுகள் செய்தார். முதலாவது புரளும் ஸ்டாண்ட். கீழே பெட்டி, மேலே பலகை, பலகையின் நடுவில் குறுக்கே ஓர் இரும்புக் குழாய். குழாயைச் சுற்றிப் பலகை அப்படியே புரளும். ஒரு பக்கம் இழைக்கிற மெஷின், மறுபக்கம் சாணை. ஒன்று மேலே வேலை செய்யும்போது மற்றது பெட்டிக்குள் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கும். இரண்டு மெஷினுக்கு ஒரு இடம். யோசனை பிரமாதம். முதல் தடவை புரட்டியபோது தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார். இழைக்கிற மெஷின் முழுச்சுற்று சுற்றிக்கொண்டு வந்து, என் கையிலிருந்த டீக் கிளாஸைத் தட்டிவிட்டு அவர் மூக்குக்கு நேரே நின்றது. ஒரு விரற்கடை முன்னால் நின்றிருந்தால் மேஸ்திரிக்கு அன்றோடு சரி.

"இந்தப் பக்கம் பாரம் ஜாஸ்தி" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. ஆனால் அதற்கப்புறம் தாழ்ப்பாளைப் போட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

இரண்டாவது, உருளும் ஸ்டாண்ட். டிரில்லிங் மெஷினுக்கு அடியில் நாலு சக்கரம். எங்கள் சந்து பஜாரைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஊருக்கே தெரிந்த அந்த விஷயம் சக்கரம் மாட்டிய குஷியில் அவருக்கு மறந்துபோயிற்று. வாசலுக்குத் தள்ளிக் கையை எடுத்ததுதான் தாமதம், மெஷின் கிளம்பிவிட்டது. "புடி, புடி" என்று மேஸ்திரி பின்னால் ஓட, நொண்டிக்கொண்டு நானும் ஓட, அது எங்கள் இருவரையும் மதிக்காமல் லாங் பஜாருக்குள் நுழைந்தது. ஒரு ஸ்கூட்டர் விலகியது, ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. கடைசியில் வாழைப்பழத் தள்ளுவண்டியில் முட்டி நின்றது. பழக்காரர் மெஷினை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டஜன் என்ன விலை என்று மேஸ்திரியைக் கேட்டார். ஊரே சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. மெஷினின் காலில் ஒன்று வளைந்துவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் வந்தார். கொத்தனார் கடையின் நடுவே நூல் பிடித்து ஆணி அடித்தார். செங்கல் வாசலில் இறங்கிவிட்டது. நூலுக்கு இந்தப் பக்கம் எல்லாம் அடங்க வேண்டும். நூலைத் தொட்டால் கூட அடங்கவில்லை என்றுதான் கணக்கு.

மேஸ்திரி எல்லாவற்றையும் சந்தில் இழுத்துப்போட்டு, ஒவ்வொன்றாக உள்ளே தள்ள ஆரம்பித்தார். கடைசல் மெஷின் சுவரில் ஏறி மடிந்துகொண்டது. அதன் கீழே புரளும் ஸ்டாண்ட் நுழைந்தது. டிரில்லிங் மெஷின் வளைந்த காலோடு நொண்டிக்கொண்டு மூலைக்குப் போயிற்று. பலகையெல்லாம் தலைக்கு மேலே பரணில். நூல் ஒரு தடவை அதிர்ந்தது. வெறும் காற்று என்றார் கொத்தனார். கடைசியில் மிஞ்சியது அறுக்கிற மெஷின், எல்லாவற்றிலும் பெரியது. அதன் ஓரப் பலகைகளை இரண்டு பக்கமும் மடக்கிவிட்டு, மேஸ்திரி வெளியிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தள்ளினார். உரசியது. நின்றது. வயிற்றால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். உள்ளே போய்விட்டது. நூல் அசையவில்லை.

சந்தே கை தட்டியது. நான் அந்த முட்டியோடு குதித்துவிட்டேன். பாய் மட்டும் கடையை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் அடங்கிடுச்சி மேஸ்திரி, மாஷா அல்லா. நீ எங்க நிப்ப?"

மேஸ்திரி சந்தில் நின்றுகொண்டிருந்தார். கடைக்குள்ளே பார்த்தார். மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவே கை நுழையாது. ஒரு வாரமாக ஆணி முதல் பரண் வரை அளந்த மனிதர், தன்னை அளக்க மறந்துவிட்டார். கை தட்டியவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

அப்போதுதான் பாய் கதவோரத்தைக் கவனித்தார். அங்கே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. பெயரில்லாத பேப்பரின் இடம்.

"இதோ இருக்குதே எடம். இங்க நின்னு வேல செய்யேன்."

"அது வேணாம் பாய்" என்றார் மேஸ்திரி.

"ஏன் வேணாம்?"

"அது வேற ஆள் எடம்."

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. கடையே கையை விட்டுப் போகப்போகிறது, இதில் வேறு ஆள் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மேஸ்திரி உள்ளே எட்டி, சுவரில் இருந்த தாழ்ப்பாளை எடுத்தார். சுவரோடு ஒட்டியிருந்த பலகை ஒன்று கீலில் மடிந்து இறங்கி, ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றது. உட்காருகிற பலகை. என் தையல் ஸ்டூலின் உயரம்.

"தங்கச்சிக்கு முட்டி நோவு. ரொம்ப நேரம் நிக்க முடியாது" என்றார், என்னைப் பார்க்காமல்.

பாய் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"செரி, அந்தம்மா இல்லாத நேரத்துல நீ நின்னுக்கோ."

"அது எப்ப பாய் இங்க இல்லாத இருந்திச்சி?"

பாய் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் கொத்தனாரைக் கூப்பிட்டு, நூலை அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளிக் கட்டச் சொன்னார். செல்போன் சின்ன சாமான்தானே, மாப்பிள்ளைக்கு ஒரு முழம் கம்மியானால் குடி முழுகிவிடாது என்றார். சுவர் எழும்பியது. அந்த ஒரு முழத்தில்தான் மடக்கு மேஸ்திரி இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறார்.

அப்புறம் என் மகளுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை கிடைத்ததும் நானும் கடையை மூடிவிட்டு அவளோடு போய்விட்டேன். போன மாதம் வேலூர் ஆஸ்பத்திரிக்கு முட்டியைக் காட்ட வந்தவள், அப்படியே சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். கடை முழுக்க மரத்தூள். மெஷின் மேலே, பரண் மேலே, மேஸ்திரியின் புருவத்தின் மேலே. சுவரில் மடித்திருந்த அந்தப் பலகை மேலே மட்டும் தூளே இல்லை.

வாசலிலேயே நின்றுவிட்டேன். மேஸ்திரி அறுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். எப்போது வந்தாய், எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னாத்துக்கு நின்னுகினு எடத்த அடைக்கிற? உக்காரு" என்று பலகையை இறக்கிவிட்டார்.

உட்கார்ந்தேன். எத்தனையோ வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன். என் முட்டிக்கு அளவெடுத்துச் செய்த இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.