ஒற்றை இழுப்பார் தீப்பொறி மீட்ட படலம்

பதினைந்து குதிரைகளின் ஆற்றலைப் பானையளவு இரும்புக்கூட்டில் அடைத்து, அதன் தலைக்கயிற்றை ஒரே ஒரு முறை இழுத்து உயிர்ப்பிக்கும் வன்தோள் வேந்தே! இக்கரைக்கும் அக்கரைக்கும் நாள்தோறும் எண்முறை சென்று மீளும் நீர்வழிக் கோமானே! துறையிலுள்ளோர் ‘ஒத்தை இழுப்பு’ என்று கேலியாய் வைத்த பெயரைப் பட்டமெனச் சூடிய படகோட்டியே, நீ வாழ்க! நின் முதுகுவலி முற்றிலும் தீருமுன் நின் போர்க்கதையைச் சொல்லத் துணிந்தோம்.

அன்று காலை எட்டரை மணி. படகின் பின்முனையில் நம் வீரர். நடுப்பலகையில், குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கப் புறப்பட்ட அவர் மனைவி. முன்முனையில், கடைவாய்ப்பல் சினந்து எழுந்ததால் இடக்கன்னம் மட்டும் பூசணியாய்ப் பொலிந்த தையற்காரர். மூன்று இரவுகள் கண்துஞ்சாத அப்பெருமகனுக்கு அக்கரைப் பல் டாக்டரே இனிக் கதி.

உப்பங்கழியின் நடுநீரை எட்டியதும் எஞ்சின் மும்முறை இருமிற்று, ஒருமுறை விக்கிற்று, பின்பு மாண்டது.

அப்போது, பகைவர் படை போலப் பின்னிருந்து வந்து சேர்ந்தது மனைவியின் தம்பியாகிய மைத்துனனின் படகு. சாவி திருகினால் தானே உறுமும் புத்தம்புது எஞ்சின் பூட்டியது அது. “சாவி போட்டு ஸ்டார்ட் பண்றவனுக்குக் கை எதுக்கு?” என்று ஆறாண்டுகளாக ஒவ்வொரு விருந்துச் சாப்பாட்டிலும் அவனை நோக்கி முழங்கியவர் நம் வீரர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

“மாமா, வடம் போடவா? கட்டி இழுத்துட்டுப் போயிடுறேன்” என்றான் மைத்துனன். அக்குரலில் தேன் வழிந்தது. அதுதான் கொடுமை.

அந்த வடம் இப்படகில் விழுந்தால், இனி ஆயுள் முழுவதும் எந்தச் சாப்பாட்டிலும் வாயைத் திறக்க முடியாது. மீசை துடிக்க எழுந்து நின்று, எண்டிசையும் அதிர அறைகூவினார் வீரர்: “இந்தப் படகு என் கையாலதான் கரை சேரும்! இல்லேன்னா இங்கேயே மூழ்கும்!”

“அண்ணே… உள்ள நானும் இருக்கேண்ணே” என்றார் தையற்காரர், பாதி வாயால்.

தொடங்கிற்று சமர். மலையைக் கயிறிட்டுப் பெயர்ப்பவர் போல ஒருமுறை இழுத்தார். பலியாது மீண்டும் இழுத்தார். பத்தாம் இழுப்பில் சட்டை கிழிந்தது, இருபதாம் இழுப்பில் செருப்பு ஒன்று நீர்வழி ஏகியது, முப்பத்தெட்டாம் இழுப்பில் அவரே பின்னோக்கிப் பறந்து மனைவியின் மடியில் அமர்ந்தார். “எழுந்திரிங்க, பார்க்கிறாங்க” என்றார் அம்மையார்.

தோள்வலி பயனற்றுப் போகவே அறிவுவலியை ஏவினார். பெட்ரோல் குழாயின் ரப்பர்க் குமிழை நசுக்கினார், கெட்டியாய் இருந்தது. மூடியைக் கழற்றி, தீப்பொறி தரும் பிளக்கைப் பிடுங்கினார், பெட்ரோலில் நனைந்திருந்தது. ஆகவே உணவு வயிறு சேர்கிறது, நெருப்பு மட்டுமே வரவில்லை என்று தெளிந்தார். தகர டப்பாவிலிருந்து புதுப் பிளக்கை எடுத்து ஒயரில் மாட்டி, எஞ்சின் உடம்போடு ஒட்டிப் பிடிக்குமாறு தையற்காரரைப் பணித்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். பொறி இல்லை. பிளக்குக்கு மின்சாரம் ஊட்டும் காயிலைத் துடைத்தார், துரு படிந்த திருகுகளை உப்புத்தாளால் பளிங்காக்கினார், இழுத்தார். மின்மினியின் வாலில் உள்ள வெளிச்சம்கூட இல்லை.

இதற்கிடையே மைத்துனன் தன் படகில் இவர்களை இருமுறை வலம் வந்து, சும்மாவே எஞ்சினை அணைத்தான், சாவியைத் திருகினான், மறுபடி அணைத்தான். ஒவ்வோர் உறுமலும் வீரரின் நெஞ்சில் வேலாய்ப் பாய்ந்தது. கையிலிருந்த ஸ்பானரை மெல்ல வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்தார். தோற்றுவிட்டோம் என்று முதன்முதலாக அவருக்குத் தோன்றியது.

அவ்வேளை அவர் மனைவி, மைத்துனன் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஏங்க, இதை நிறுத்துறதுக்குன்னு சிவப்பா ஒரு பட்டன் இருக்குல்ல? அது தன்னால நிறுத்திக்கிட்டே இருக்கோ என்னமோ?”

வீரர் அசைவற்றார். அப்பொத்தானை அழுத்தினால், பிளக்குக்குப் போகவேண்டிய நெருப்பு ஒரு கருப்பு ஒயர் வழியே எஞ்சினின் இரும்புக்குள் ஓடி ஒழிந்துவிடும், எஞ்சின் அடங்கும். பார்த்தால், பொத்தானின் அடியில் உப்பு பச்சைப் பாசியாய்ப் பூத்து, யாரும் அழுத்தாமலே அழுத்திக்கொண்டிருந்தது! “நானும் அதைத்தான் நெனச்சேன்” என்று கூறி, மனைவியின் முகத்தைப் பாராமல், கருப்பு ஒயரைக் கழற்றி எறிந்தார்.

இழுத்தார். ஆகா! கார்முகில் பிளந்த மின்னல்போல் நீலப்பொறி சீறி எழுந்து, பிளக்கைப் பிடித்திருந்த தையற்காரரின் முழங்கைவரை ஏறியது. அவர் துள்ளி நின்று, “வலி போச்சு!” என்று கூவினார், உட்கார்ந்ததும் “வந்துருச்சு” என்றார்.

பிளக் தன் கூட்டில் அமர்ந்தது. ஒரே இழுப்பு. பதினைந்து குதிரைகளும் ஒருசேரக் கனைக்க, நுரைச்சிறகு விரித்துப் பாய்ந்தது படகு. மைத்துனனைக் கடந்தபோது வீரர் திரும்பியும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காதது தெரியட்டும் என்று கழுத்தைச் சற்று நிமிர்த்தினார், அவ்வளவே.

கரை நெருங்கியபின்தான், நிறுத்தும் ஒயரைக் கழற்றிய எஞ்சினை நிறுத்த இயலாது என்பது விளங்கிற்று. பெட்ரோல் குழாயை உருவினார். உள்ளே எஞ்சியதைக் குடித்துத் தீர்க்கும்வரை அவ்வெறிகொண்ட இரும்பு அடங்கவில்லை. துறைமுன் மும்முறை வலம் வந்தது படகு. பல் டாக்டரின் பெயர்ப்பலகை மும்முறை கண்முன் தோன்றி மறையக் கண்டு கைகூப்பினார் தையற்காரர். நான்காம் வலத்தில் எஞ்சின் மூச்சடங்க, மிதந்து வந்த படகு பூவிதழ் படிவதுபோல் படித்துறையைத் தொட்டது. முன்னரே வந்து நின்ற மைத்துனன், “என்ன மாமா பண்ணீங்க?” என்றான், மெய்யான வியப்போடு.

வீரர் வாயைத் திறந்தார், மனைவியைப் பார்த்தார், “உங்க அக்காகிட்ட கேளு” என்றார். அம்மையார் முந்தானையால் அவர் நெற்றிக் கிரீஸைத் துடைத்தார்.

பிறகு, கிழிந்த சட்டையே வெற்றிக்கொடியாய்ப் பறக்க, ஒற்றைச் செருப்பு தாளமிட, வீங்கிய கன்னத்தாரைக் கைத்தாங்கலாய் ஏந்தி, மனைவியும் மைத்துனனும் இருபுறமும் சூழ்ந்து வர, கடைத்தெரு முழுவதும் வழிவிட, வெற்றி உலாவாகச் சென்று அம்மருத்துவமனையின் வாயிலை அடைந்தார் நம் வீரர்.

பல் டாக்டர் அன்றைக்கு லீவு.