நிமிர்ந்து உட்காரச் சொன்னவளின் விமானப் பயணம்

யாராவது கோணலாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. இது தொழில் புத்தியா, பிறவிக் குணமா என்று தெரியவில்லை. காரைக்குடியில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். ஒரு கல்யாணப் பந்தியில் கூன் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் முதுகில் தட்டி, "நிமிந்து உக்காந்து சாப்பிடுங்க" என்று சொன்னேன். அவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். (நிமிர்ந்துதான் எழுந்தார். அதையும் நான் கவனித்தேன்.)

இப்படிப்பட்டவளுக்குத்தான் லிஸ்பனில் நடக்கும் பிசியோதெரபி மாநாட்டில் பேச இடம் கிடைத்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சமைக்கும் மாஸ்டர்கள் மணிக்கணக்கில் குனிந்து அண்டாவைக் கிண்டி, நாற்பது வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். அவர்களைப் பற்றித்தான் கட்டுரை எழுதியிருந்தேன். அதில் மூன்றே அறிவுரைகள். ஒரே நிலையில் வெகுநேரம் இருக்காதே. பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடி. முழங்காலை மடக்கித் தூக்கு, இடுப்பை வளைத்துத் தூக்காதே. இந்த மூன்றையும் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

விஷயம் தெரிந்ததும் என் கணவரின் நண்பர் ஒருவர் கிளினிக் இருக்கும் தெருமுனையில் பிளக்ஸ் வைத்துவிட்டார். "இடுப்பு வலிக்கு விடை கேட்டு உலகமே அழைக்கிறது" என்று போட்டு, பக்கத்தில் நான் விறைப்பாக நிற்கும் படம். வெட்கமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டேன். உண்மையில் அந்தத் தெருவழியாகக் காரணமே இல்லாமல் நாலைந்து தடவை போய்வந்தேன். எனக்கு ஒரே கவலைதான். உலகத்துக்கு முன்னால் நன்றாகப் பேசிவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிளக்ஸ் கிழியும்வரை ஊரில் தலைகாட்ட முடியாது.

மூட்டை கட்டும்போதே வம்பு ஆரம்பித்தது. மேடையில் செய்து காட்டுவதற்காக ஒரு மாஸ்டரிடம் அல்வா கிண்டும் மரத் துடுப்பைக் கேட்டு வாங்கியிருந்தேன். என் தோள் உயரம் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் ருசி பார்க்கட்டும் என்று ஒரு பெரிய டின் நிறைய எங்கள் செட்டிநாட்டுப் பலகாரமான மணகோலமும் செய்ய வைத்திருந்தேன். துடுப்பும் துணிமணிகளுமே பெட்டிக் கணக்கை முழுங்கிவிட்டதால் டின் கைப்பைக்குள் போனது.

என் கணவர் வேளாண்மைத் துறையில் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தார். "இது விதை மூட்டை கனம் கனக்குது. நீ தூக்கிருவியா?" என்றார்.

"தூக்குறது எப்படின்னு ஊருக்கே சொல்லிக்குடுக்குறவ நான்" என்றேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

திருச்சியில் காலை விமானம். வளைகுடா நாடு ஒன்றில் இறங்கி, அங்கிருந்து லிஸ்பனுக்கு வேறு விமானம். எனக்கு ஜன்னலோர இருக்கை. நடு இருக்கை காலி. அந்தக் கோடியில் முப்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் செல்வம், ஊர் ஒக்கூர். லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறாராம். ஒக்கூர் என்றதும் சொந்தக்காரரைப் பார்த்தது மாதிரி ஆகிவிட்டது.

"ரெண்டு நாளாத் தூக்கமே இல்லக்கா" என்றார். "புள்ள கழுத்தக் கட்டிக்கிட்டு விடமாட்டேன்னுட்டான். அவன் தூங்குன பெறகு நைசா எந்திரிச்சு வந்தேன்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "நீங்க நல்லாப் படுங்க தம்பி" என்று சொன்னேன். அவரும் நடு இருக்கையில் காலை நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார்.

மேலே பை வைக்கும் இடம் நிரம்பிவிட்டதால் மணகோலப் பை என் காலடியில் இருந்தது. கால் வைக்க இடமில்லை. பையின் மேலேயே காலை வைத்துக்கொண்டேன். முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட்டன. அம்மிக் குழவியைத் தொட்டிலில் போட்டது மாதிரி அசையாமல் கிடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இடுப்பு முணுமுணுக்க ஆரம்பித்தது. எழுந்து நட என்று என் கட்டுரையின் முதல் வரி சொன்னது. நடக்க வேண்டுமானால் செல்வத்தை எழுப்ப வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவனை எப்படி எழுப்புவது? இன்னும் சற்று நேரம் பார்ப்போம் என்று இருந்தேன். பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் எழுப்ப வேண்டும் என்று வேண்டாமென்றேன். செல்வம் குறட்டை விட்டார். நான் மனதுக்குள் என் கட்டுரையை ஒத்திகை பார்த்துக்கொண்டே அதன் முதல் அறிவுரையைக் கடல் முழுக்க மீறிக்கொண்டு போனேன்.

விமானம் இறங்கி நின்றதும் செல்வம் துள்ளி எழுந்தார். நல்ல பிள்ளை. "குடுங்கக்கா, நான் எடுக்குறேன்" என்று குனிந்து, கையை எட்ட நீட்டி, இடுப்பைத் திருகிக்கொண்டு என் பையை இழுத்தார். என் கண்முன்னால் ஓர் இளம் முதுகெலும்பு நாசமாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அப்படித் தூக்காதீக. வைங்க கீழ. நான் காட்டுறேன், பாருங்க" என்றேன்.

அவர் வைத்துவிட்டுப் பணிவாக நின்றார். பின்னால் இறங்கக் காத்திருந்த நாலைந்து பேரும் பார்த்தார்கள். ஆள் கூடினால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். "முதல்ல முழங்காலை மடக்கணும்" என்றேன். முழங்காலை மடக்க அங்கே இடம் இல்லை. "பாரத்தை உடம்போட ஒட்டிப் பிடிக்கணும்" என்றேன். நடுவில் இருக்கை இருந்தது. வாய் ஒன்று சொல்ல, உடம்பு அதற்கு நேர்மாறாக வளைந்து பையைத் தூக்கியது. இடுப்பில் 'மடக்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

குனிந்தவள் குனிந்தபடியே நின்றேன். செல்வம் அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தார்.

"சரிக்கா. அடுத்து என்ன செய்யணும்?" என்றார்.

"அடுத்து ஒண்ணுமில்ல தம்பி" என்றேன். "யாரையாச்சும் கூப்பிடுங்க."

சக்கர நாற்காலி வந்தது. மடங்கிய வாக்கிலேயே என்னைத் தூக்கி அதில் வைத்தார்கள். செல்வத்துக்கு அந்த ஊரில்தான் வேலை, வெளியே போக வேண்டியவர். ஆனாலும் மடியில் மணகோலப் பையை வைத்துக்கொண்டிருந்த என்னைத் தன்னால் போக முடிந்த தூரம்வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

"எங்குட்டுக்கா போறீக?"

"லிஸ்பனுக்கு. ஒரு மாநாட்டுல பேசணும்."

"எதப் பத்திப் பேசப் போறீக?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "இடுப்பு வலி வராமத் தடுக்குறது எப்படின்னு" என்றேன்.

அவர் சிரிக்கவே இல்லை. "நல்லாப் பேசிட்டு வாங்கக்கா" என்று மட்டும் சொன்னார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

லிஸ்பனில் இறங்கியபோது துடுப்பும் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஓட்டல் அறையில் தரையில் படுத்து, நோயாளிகளுக்கு நான் சொல்லித் தரும் பயிற்சிகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். எவ்வளவு வலிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. 'இது வலிக்கவே வலிக்காது' என்று சொல்லி நான் ஏமாற்றிய அத்தனை பேரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்றும் முடிவு செய்தேன். அப்போது போன் அடித்தது.

"இடுப்பு எப்படி இருக்கு?" என்றார் என் கணவர்.

"எந்த இடுப்பு?" என்றேன்.

செல்வம் ஊருக்குப் போன் போட்டு, தன் மதினியிடம் சொல்லியிருக்கிறார். மதினி முழங்கால் வலிக்கு என்னிடம் வருகிறவர். லிஸ்பன், இடுப்பு வலி என்றதுமே ஆள் நான்தான் என்று புரிந்துகொண்டு, நேரே கிளினிக்குக்குப் போய் விசாரித்திருக்கிறார்.

"காரைக்குடி முழுக்கத் தெரிஞ்சு போச்சா?" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"பாதிப் பேருக்குத்தான். மீதிப் பேரு பிளக்ஸப் பாத்துக்கிட்டிருக்காக" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "மாஸ்டருங்க பாடு அங்க யாருக்கும் தெரியாது சிவகாமி. நீ எப்படி நிக்கிறேங்கிறதா முக்கியம்? பேசிட்டு வா" என்றார். அந்த மனிதர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் துடுப்பை ஊன்றிக்கொண்டே மேடை ஏறினேன். முக்கால்வாசி குனிந்திருந்தேன். கையில் துடுப்பு, முன்னால் அரங்கம் நிறைய பிசியோதெரபிஸ்டுகள். எதிரில் ஓர் அண்டா மட்டும்தான் இல்லை. கல்யாணச் சமையல்காரர் எப்படி நிற்பார் என்று விளக்க ஆரம்பித்ததும், எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். நான் செய்து காட்டுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

மறுக்கவா முடியும்? நானும் துடுப்பை இரண்டு தடவை சுற்றிக் கிண்டிக் காட்டினேன். பேசப் பேச வலிகூட மறந்துபோனது. அடுப்புச் சூட்டையும், விடிய விடிய நிற்கும் கால்களையும், வேலைக்குப் போகாவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார் என்ற அவர்களுடைய பயத்தையும் சொன்னேன். முடித்ததும் பெரிய கைதட்டல். தலைமை வகித்த அம்மையார் மைக்கைப் பிடித்து, உரை முடியும்வரை அதே நிலையில் நின்று காட்டிய என் அர்ப்பணிப்பைப் பாராட்டினார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். "அருமையான உரை. இந்த நிலையிலிருந்து பாதுகாப்பாக நிமிர்வது எப்படி என்று செய்து காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

அரங்கமே ஆவலோடு காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். இடுப்பு மனம் மாறவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "முடியாது. நேற்றிலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன்."

உடனே எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடுத்து நடந்ததுதான் கொடுமை. அது பிசியோதெரபிஸ்டுகள் மாநாடு என்பதை நான் மறந்துவிட்டேன். பாதி அரங்கம் மேடை ஏறிவிட்டது. என்னைத் தரையில் படுக்க வைத்தார்கள். ஒத்தடம் கொடு என்றார் ஒருவர், ஐஸ் வை என்றார் இன்னொருவர். ஒரு பிரேசில் நாட்டுக்காரர் என் பக்கத்திலேயே படுத்துப் பயிற்சி காட்டினார். அவர்கள் சண்டை நீண்டுகொண்டே போனதால் யாரோ மேடையோரம் இருந்த என் பையைத் திறந்து டின்னை வெளியே எடுத்தார்கள். என் இடுப்பைப் பற்றி விவாதித்தபடியே மணகோலம் முழுவதையும் தின்று தீர்த்தார்கள். நான் மேடை விளக்குகளைப் பார்த்தபடி கிடந்தேன். எனக்கு ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஊருக்கு நிமிர்ந்துதான் திரும்பினேன். சமையல் மாஸ்டர்களைப் பற்றிக் கேட்டு இன்றும் வெளிநாடுகளிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. செல்போனோடு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் மகளை எழுந்து நடக்கச் சொன்னால், "பக்கத்துல ஆள் தூங்குறாகம்மா" என்பாள். அவள் அப்பா சத்தம் வராமல் சிரிப்பார்.

மாநாட்டுக்காரர்கள் அனுப்பிய புகைப்படத்தைக் கண்ணாடி போட்டுக் கிளினிக்கில் மாட்டியதும் அவர்தான். அதில் துடுப்பை ஊன்றி, வில்லாய் வளைந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கீழே 'இப்படி நிற்கக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். சமீபத்தில் பிள்ளையார்பட்டியிலிருந்து புதிதாக ஓர் அம்மா வந்தார். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், யாரு பெத்த புள்ளையோ. இவுகளுக்கு இப்பத் தேவலையா டாக்டரம்மா?"

"நல்லாத் தேவலை" என்றேன், மற்றதைச் சொல்லாமல். அவர் தன் பையைக் குனிந்து எடுக்கப் போனார். "இருங்க, அப்படித் தூக்காதீக. நான் காட்டுறேன்" என்று வாய் தானாகவே சொன்னது, கையும் பைக்குப் போனது.

பெஞ்சில் முழங்காலை நீவிக்கொண்டிருந்த செல்வத்தின் மதினி அவசரமாக எழுந்தார். "அந்தப் பைய இங்குட்டுக் குடுங்க டாக்டரம்மா. காட்டுனது போதும்" என்று சொல்லி, முழங்காலை மடக்கி, பையை நெஞ்சோடு அணைத்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே தூக்கிக்கொண்டு போனார்.